மார்மன் நூலும் மூலபாட ஆராய்ச்சியும்

1830ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பால்மைரா என்னும் ஊரில், 5,000 பிரதிகளாக ஒரு நூல் வெளிவந்தது. அதனை வெளியிட்ட ஜோசப் ஸ்மித்துக்கு அப்பொழுது வயது 24. முற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறிய இஸ்ரவேல் வழியினர் பொன்தகடுகளில் எழுதி, கி.பி. 421 அளவில் புதைத்துவைத்த வரலாறே அந்நூல் என்றும், தேவதூதன் காட்டிய இடத்தில் 1827இல் அவற்றைப் பெற்று, தேவ வல்லமையால் ஆங்கிலத்தில் பெயர்த்ததாகவும் அவர் அறிவித்தார். தகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் சான்று பகர்ந்தனர். ஆனால் அவை மீண்டும் தூதனிடமே ஒப்புவிக்கப்பட்டன என்பதால், ஆராய்வோர் கையில் எஞ்சியிருப்பது மொழிபெயர்ப்பு மட்டுமே.

மூலம் இல்லாத மொழிபெயர்ப்பை மூலபாட ஆராய்ச்சி எங்ஙனம் சோதிக்கும்? அதற்கான வழி அந்நூலிலேயே உண்டு. ஏசாயாவின் பல அதிகாரங்களும், மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மலைப்பிரசங்கமும் அதில் இடம்பெறுகின்றன. அவற்றின் நடை பெரும்பாலும் 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதலின் நடையே.

அந்த ஆங்கிலத் திருப்புதல், எராஸ்மஸ் 1516இல் அச்சேற்றிய கிரேக்கப் பாடத்தின் வழியில் வந்ததாகும். பரமண்டல ஜெபத்தின் இறுதியில் வரும் துதிவாக்கியம் அதில் உண்டு. மாற்கு 16:9-20 பகுதியும் உண்டு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதியிலும் சீனாய்ப் பிரதியிலும் இவ்விரண்டும் இல்லை. மார்மன் நூலிலோ, துதிவாக்கியம் மூன்றாம் நேபி 13ஆம் அதிகாரத்திலும், மாற்கு 16:15-18இன் சொற்கள் மார்மன் 9ஆம் அதிகாரத்திலும் காணப்படுகின்றன. கிரேக்கப் பிரதிகளோடு தொடர்பே இல்லாத ஒரு கண்டத்தில் எழுதப்பட்டதாகக் கூறப்படும் ஏடு, ஆங்கிலத் திருப்புதலின் பாடத்தை அதன் சொற்களிலேயே தருவானேன்? ஸ்மித் வாழ்ந்த சூழலில் வழங்கிய ஆங்கில வேதாகமமே அந்நூலுக்கு ஓர் ஊற்று என்பதே இதற்கு நேரான விளக்கமாகும்.

எனினும், எதிர்ச்சான்றையும் மறைத்தல் தகாது. மத்தேயு 5:22இல் 1611ஆம் ஆண்டுத் திருப்புதலில் காணப்படும் "நியாயமில்லாமல்" என்னும் பொருளுடைய சொல், மூன்றாம் நேபி 12:22இல் இல்லை. வத்திக்கான் பிரதியிலும் அது இல்லை. இதனை மார்மன் அறிஞர் தம் நூலின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் உண்மையான பிரதிகளில் அச்சொல் இல்லையென்று ஜெரோமே தம் காலத்தில் எழுதியுள்ளார். ஆகவே இந்த ஒரு பொருத்தம் வாதத்தை முடித்துவைக்கப் போதாது.

வாசகர் அறிந்த வேதாகம நடையிலேயே தேவன் அம்மொழிபெயர்ப்பை அருளினார் என்பது அவர்கள் கூறும் மற்றொரு விடை. இது விசுவாசத்தின் கூற்று. பிரதிகளைக்கொண்டு அதனை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதே வேளையில், அவர்களுள்ளும் கடின உழைப்பாளர் உண்டு. ஸ்மித் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட கைப்பிரதி 1841இல் நாவூ நகரில் ஒரு கட்டடத்தின் மூலைக்கல்லுக்குள் வைக்கப்பட்டு, ஈரத்தால் சிதைந்து, இன்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. அதனையும் அச்சகத்துக்கென எழுதப்பட்ட படியையும் சொல் சொல்லாக ஒப்புநோக்கும் பணியை ராயல் ஸ்கௌசன் 1988இல் தொடங்கினார். ஆனால் அப்பணி 1829க்கு அப்பால் செல்ல இயலாது. அங்கே ஏடுகள் நின்றுவிடுகின்றன.

இனி நம்மை நோக்குவோம். துதிவாக்கியமும் மாற்குவின் நீண்ட முடிவும் நம் பழைய திருப்புதலிலும் உண்டு; "நியாயமில்லாமல்" என்னும் சொல்லும் உண்டு. மார்மன் நூலுக்கு எதிராக இவ்வாதத்தை எடுத்தாளும் போதகரிடம், "ஐயா, அப்படியானால் நம் வேதத்தில் அவ்வசனங்கள் எப்படி வந்தன?" என்று ஒரு சபையார் கேட்பாரானால், என்ன விடை கூறுவோம்? பிறர் நூலை நிறுக்க ஒரு படிக்கல்லும், நம் நூலை நிறுக்க வேறொரு படிக்கல்லும் வைத்திருப்போமானால், நீதிமொழிகள் கண்டிக்கும் கள்ளத்தராசு நம் கையிலும் இருக்கும்.

வேறுபாடு இல்லாமல் இல்லை. புதிய ஏற்பாட்டுக்கு 5,000க்கு மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. அவை ஒன்றோடொன்று மாறுபடுவதால்தான் பிற்சேர்க்கைகளை நாம் அடையாளம் காண்கிறோம். பிழைகளை வெளிப்படையாகக் காட்டும் ஏடுகளே நமக்குக் கிடைத்த பெரும் சொத்து. இதனை வகுப்பறையில் கற்று, பிரசங்க பீடத்தில் மறைப்பது முறையன்று. சபையார் அந்தக் கேள்வியைக் கேட்கும் நாளுக்கு முன்னரே, அவர்களுக்கு அதனைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமையாகும்.