தட்டப்பாறை முதல் தாப்பாத்தி வரை: இலங்கை உள்நாட்டுப் போரின் காரணங்களும் விளைவுகளும்

இலங்கை உள்நாட்டுப் போரை மாணவர்க்கு விளக்கும்போது, 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் கொல்லப்பட்டதையும், அதையடுத்துக் கொழும்பு முதலிய ஊர்களில் தமிழர் படுகொலை செய்யப்பட்டதையும் தொடக்கமாகக் கொள்வதே பெருவழக்கு. இவை உடனடிக் காரணங்கள், அதாவது முன்பே மூண்டிருந்த பகையை முழுப் போராக மாற்றிய நிகழ்ச்சிகள். அப்பகைக்கு இடமளித்த சட்டங்களும் கைவிடப்பட்ட உடன்பாடுகளுமே அடிப்படைக் காரணங்கள் எனத்தக்கவை. அவற்றுள் ஒன்றன் வேரைத் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே காணலாம் என்பதால், அக்கரையை ஒட்டிய முத்தையாபுரத்து மாணவர்க்கு இது அயல்நாட்டு வரலாறு அன்று.

தனுஷ்கோடி–தலைமன்னார் வழி 1914இல் திறக்கப்படும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்தே கப்பலேறினர், வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இத்தடத்தில்தான். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிகளின் பின்னே சென்ற தொழிலாளர் பலர், தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்திருந்தும், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்ட 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் குடிமக்களாகவும் ஏற்கப்படாத நாடற்றோர் ஆயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. இச்சட்டத்தை எதிர்த்த சா.ஜே.வே. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஒரு சட்டத்தின் விளைவு அடுத்த அரசியலுக்குக் காரணமாகும் முறை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைப் பலரும் அறிவர்; பாடத்தில் கூடுதல் இடம் பெறவேண்டியது தரப்படுத்தல். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தகுதி மதிப்பெண்ணைத் தேர்வெழுதிய மொழியைக் கொண்டு வேறுபடுத்திய இம்முறையால், 1971இல் மருத்துவப் படிப்பில் சேரச் சிங்களவழி மாணவர்க்கு 229 மதிப்பெண் போதுமாயிருக்க, தமிழ்வழி மாணவர்க்கு 250 தேவைப்பட்டது. மதிப்பெண்ணையே எதிர்காலமாகக் கருதிய யாழ்ப்பாணத்து இளைஞர்க்கு அந்த 21 மதிப்பெண் என்ன பொருள் தந்திருக்கும் என்பதை, கட்-ஆஃப் கணக்கிட்டுப் பழகிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் யாருடைய உதவியுமின்றி உணர்வார். எனினும் அதன் மறுபக்கத்தையும் அவர் அறிய வேண்டும். மிஷனரிப் பள்ளிகள் செறிந்திருந்த யாழ்ப்பாணம் ஆங்கிலக் கல்வியிலும் அரசுப் பணியிலும் முன்னேறியிருந்ததால், சிங்கள நாட்டுப்புற இளைஞரிடையே ஆழ்ந்த மனக்குறை நிலவியது. சிங்கள இடதுசாரி அமைப்பான ஜே.வி.பி. 1971இல் நடத்திய கிளர்ச்சி அவ்விளைஞர்களின் வேலையின்மையிலிருந்தும் பிறந்ததே. குறை உண்மையானது, அதைத் தீர்க்க இன்னொரு இனத்தின் வாயிலை அடைத்ததே பெருந்தவறு.

போர் தவிர்க்க முடியாததாக இருந்தது என்று கற்பிப்பது வரலாற்றுக்கு முரண். தமிழ்ப் பகுதிகளுக்குப் பிராந்திய சபைகள் வழங்க 1957இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டு, எதிர்ப்புக்குப் பணிந்து மறு ஆண்டே கைவிடப்பட்டது; 1965இன் டட்லி சேனநாயக்க–செல்வநாயகம் உடன்பாடும் நிறைவேறவில்லை. 1976இன் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரியது இவற்றுக்குப் பின்னரே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, பேச்சுவார்த்தையை நம்பியிருந்தவர்களின் குரலும் வலுவிழந்தது.

விளைவுகளைக் கூறும்போது பக்கம் பார்த்து மறைத்தல் கூடாது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என ஐ.நா. நிபுணர் குழு 2011இல் அறிவித்தது. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை, தனிநாட்டுக்காகப் போரிட்ட விடுதலைப் புலிகள் வெளியேற்றியதும், சிறுவரைப் படையில் சேர்த்ததும் அதே பாடத்தில் இடம்பெற வேண்டியவை.

இந்தியக் கரைக்கு வந்த விளைவுகளுள் நீடித்தது ஏதிலியர் வாழ்வு. 1983 முதல் சுமார் 3 லட்சம் பேர் தமிழகம் வந்தனர்; தூத்துக்குடி மாவட்டத்தில் தாளமுத்துநகர், தாப்பாத்தி முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. முகாம்வாசிகளுள் கணிசமானோர், கலவரங்களுக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டு வடக்கே குடிபெயர்ந்து, அங்கிருந்தும் போரால் துரத்தப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் வம்சாவளியினர். அதாவது, தட்டப்பாறை போன்ற முகாம்களின் வழியே முன்னோரை அனுப்பிய தமிழகத்துக்கே பேரப்பிள்ளைகள் ஏதிலியராகத் திரும்பினர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா 5,25,000 பேருக்கு குடியுரிமை வழங்க இசைந்திருந்தும், அவ்வம்சாவளியினருள் பலருக்கு அது இன்றளவும் கிட்டவில்லை. 2021இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. ஆனால் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய 3 நாடுகளிலிருந்து வந்தோர்க்கே பொருந்தும், இலங்கை அதில் இல்லை.