பெயர்ப் பலகையிலே தமிழ்

வழி காட்டுவதும், ஆபத்தை முன்னறிவிப்பதும், அலுவலகத்தின் வாயிலைச் சுட்டுவதும் பெயர்ப் பலகையின் பணி. படிப்பவர் அதனை நம்பி நடக்கிறார். ஆகவே, அங்கே ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அது சிறு பிழை ஆகாது. ஊவா மாகாணத்தை மனத்திற்கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

பல மொழிகளில் அறிவிப்பு எழுதுவது இலங்கைக்குப் புதியதன்று. 1911 இல் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ள கல்வெட்டொன்று சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளில் அமைந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், அரபு எழுத்திலமைந்த பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. ஒன்றை எழுதி ஏனையவற்றை அதன் நிழலாக்காமல், படிப்பவர் யார் என்பதை எண்ணியே எழுதினர்.

இனி ஊவாவுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் இம்மலைகளிலே வேரூன்றினர். 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டியது. ஆயினும், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1956 இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழியாயிற்று. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தமே தமிழுக்கும் அந்நிலையை அளித்தது. ஒரு பிரிவின் சனத்தொகையில் மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு, அதனை இருமொழி நிருவாகப் பிரிவாக்க 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வழிசெய்தது. அதன்படி 1999 இல் பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை முதலிய பிரிவுகள் பிரகடனப்படுத்தப்பட்டன.

இவ்வளவு காலம் கழித்துப் பெற்ற உரிமை, பலகையிலே எவ்வாறு காட்சியளிக்கிறது? இந்நாட்டுப் பஸ் வண்டிகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தின் மேலே, தகரம் நகரமாகித் 'தாய்மார்' 'நாய்மார்' ஆன செய்தியைப் பலரும் அறிவர். தமிழ் அறியாதவர் தமிழ் எழுத்தை ஓவியம்போற் பார்த்து வரைவதே இதற்குக் காரணம். அவர் கண்ணுக்குத் தகரமும் நகரமும் ஒன்றே. 'ஊவா' என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊகாரத்தை உகரமும் ளகரமுமாகப் பிரித்துவிட்டால், மாகாணம் 'உளவா' ஆகிவிடும்!

இத்தகைய பிழை தமிழுக்கு மட்டும் உரியதன்று. வலமிருந்து இடமாகச் சேர்த்தெழுதப்படும் அரபு எழுத்துக்கள், அம்மொழி அறியாதார் கையிலே தனித்தனியே பிரிந்தும் வரிசை மாறியும் வேற்று நாட்டுப் பலகைகளில் தோன்றியதுண்டு. 2008 இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரிலே வீதிப் பலகையொன்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டி மின்னஞ்சல் அனுப்பினர். 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை' என்று தன்னியக்கமாக வந்த மறுமொழியையே மொழிபெயர்ப்பென்று கருதிப் பலகையில் எழுதிவிட்டனர்.

கேட்டுச் சிரிக்கலாம். ஆனால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தோட்டத் தொழிலாளி வைத்தியசாலையிலே மருந்து பெறும் இடத்தைத் தேடி நிற்கையில் அது சிரிப்புக்குரியதோ? அவருக்கு அப்பலகையே அரசின் குரல். அக்குரல் குழறினால், சட்டம் வழங்கியதைத் தூரிகை பறித்துவிடுகிறது.

இதற்கு மருந்து அரிதன்று. வர்ணம் பூசுமுன் தமிழறிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பார்த்தாற் போதும். பதுளையில் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. அவர்களை அழைத்துக் கேட்கும் வழக்கமே வேண்டும்.