‘அடுத்த திகதி’ என்னும் மறுப்பு: கொழும்பில் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்கான அனுமதி

எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு அனுமதி தருபவர் யார் என்று நியூயோர்க்கில் கேட்டால் காப்புறுதி நிறுவனம் என்பார்கள். லண்டனில் கேட்டால் தேசிய சுகாதார சேவையின் நிபுணர் குழு என்பார்கள். நம்மவர் செறிந்து வாழும் ஸ்கார்பரோவில் கேட்டால், ஒன்ராறியோ மாகாணம் 2009இல் இதற்கென்றே அமைத்த வலையமைப்பின் பதிவகம் என்பார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கேட்டால் ஒரு பெயரைச் சொல்வது கடினம். இங்கே அனுமதி ஒரே மேசையில் வைத்துத் தரப்படுவதில்லை. அகஞ்சுரப்பியியல் நிபுணரின் கடிதம், எண்டோஸ்கொப்பி அறிக்கை, இருதய எக்கோ, உணவியலாளரின் குறிப்பு, மயக்கமருந்து நிபுணரின் ஒப்புதல், கடைசியாகச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் பட்டியலில் ஓர் இடம் என்று அது துண்டு துண்டாகச் சேர்கிறது. இந்தச் சிதறலை வெறும் நிர்வாகக் குறைபாடாகப் பார்ப்பது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இச்சிகிச்சை நோயாளிக்கு ஏற்றதா என்ற மருத்துவத் தீர்ப்பும், இருக்கும் வளத்தில் அவருக்கு எப்போது இடம் கிடைக்கும் என்ற பங்கீட்டுத் தீர்ப்பும் வேறு வேறானவை. கொழும்பில் இவ்விரண்டும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன. அதன் விளைவு அரச வைத்தியசாலையில் ஒரு விதமாகவும் தனியார் துறையில் அதற்கு நேரெதிராகவும் வெளிப்படுகிறது: பணமில்லாதவர் தேவைக்கு மேல் சலிக்கப்படுகிறார், பணமுள்ளவர் தேவைக்குக் குறைவாகவே சலிக்கப்படுகிறார்.

முதலில் தகுதி என்னும் கேள்வி. உலகெங்கும் நெடுங்காலம் ஆட்சி செய்த அளவுகோல் 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய கருத்தொருமைக் குழு வகுத்தது: உடற்திணிவுச் சுட்டி, அதாவது பி.எம்.ஐ., 40 அல்லது அதற்கு மேல்; பாரதூரமான இணைநோய் இருந்தால் 35. இந்த எண்கள் பெரும்பாலும் மேற்குலக உடல்களை வைத்து எழுந்தவை. தெற்காசிய உடல் வேறு கணக்கில் இயங்குகிறது என்பதற்கு 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஒரு படம் போதும். புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் யூட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23, 27.5, 32.5, 37.5 என்னும் கூடுதல் எல்லைப் புள்ளிகளைப் பரிந்துரைத்தது. 2022இல் அமெரிக்க, சர்வதேச எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் இணைந்து, பொது எல்லையை 35 ஆகத் தாழ்த்தியதோடு, ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே இச்சிகிச்சையை முன்வைக்கலாம் என்றன. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். 1991இன் அளவுகோலில் அவர் 102 கிலோவை எட்ட வேண்டும்; நீரிழிவு முதலிய கடும் இணைநோய் இருந்தால் ஏறத்தாழ 90. புதிய அளவுகோலில் 70 கிலோவைத் தாண்டினாலே அவரைப் பற்றிய உரையாடல் தொடங்கிவிடுகிறது. ஒரே உடல், முப்பது கிலோ வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தின் அரசியல் நம்மவர் வாழும் நாடுகளை ஒப்பிடும்போது வெளிச்சத்துக்கு வருகிறது. இங்கிலாந்தின் வழிகாட்டி தெற்காசியப் பின்னணியுடையவர்களுக்கு எல்லையை 2.5 அலகு குறைக்கச் சொல்கிறது. இந்தியக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் தரப்படுத்தப்பட்ட விதியோ 40ஐயும், கட்டுக்கடங்காத நீரிழிவு போன்ற கடும் இணைநோய் இருந்தால் 35ஐயும் கேட்கிறது. எளிய வழிகள் தோற்றிருக்கவும் வேண்டும். ஆக, ஹரோவில் வசிக்கும் தமிழருக்குக் கிடைக்கும் தெற்காசியச் சலுகை சென்னையில் வசிக்கும் தமிழரின் காப்புறுதிப் பத்திரத்தில் இல்லை. இந்த முரணை உடலியல் விளக்காது. காப்புறுதி நிறுவனத்துக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் உயரமாக இருப்பது அதற்கு நல்லது.

இலங்கையில் காப்புறுதி இந்த வாயிலில் நிற்கும் முதன்மைக் காவலர் அல்ல. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தனியாரிடம் பெரும்பாலோர் சொந்தக் கையிலிருந்தே செலுத்துகிறார்கள். ஆகவே எண்ணின் கொடுங்கோன்மை இங்கே குறைவு என்று மகிழலாம். ஆனால் எண் விட்டுச்சென்ற இடத்தைக் காலம் பிடித்துக்கொள்கிறது. தேசிய வைத்தியசாலைக்கோ களுபோவில போதனா வைத்தியசாலைக்கோ கிளினிக் செல்பவரின் கையிலுள்ள கொப்பியைப் பார்த்தால் போதும்: ஒவ்வொரு பக்கத்திலும் நிறை, குருதியமுக்கம், சீனி அளவு, கீழே ஒரு திகதி. அந்தத் திகதிக்குள் ஒரு பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். பரிசோதனைக்கு வேறொரு பிரிவில் வேறொரு வரிசை. எக்கோ அறிக்கை வரும்போது இரத்தப் பரிசோதனை பழசாகிவிடுகிறது. எவரும் ‘முடியாது’ என்று எழுதுவதில்லை. ‘இன்னும் கொஞ்சம் நிறையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்’ என்ற அறிவுரையும் அடுத்த திகதியும்தான் எழுதப்படுகின்றன. மறுப்பு என்று ஒன்று பதிவாகாதபோது அதற்கு எதிராக முறையிடவும் வழியில்லை.

இந்த அறிவுரையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பங்கீடு மருத்துவமாக வேடம் மாறுவது இங்கேதான். சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னர் சில வாரங்கள் குறைந்த சக்தியுள்ள உணவு உண்பதால் ஈரல் சுருங்கி, வயிற்றறை நோக்கிக் கருவி வழியே வேலை செய்வது எளிதாகிறது. அது தொழில்நுட்பத் தேவை. மாதக்கணக்கில் மெலிந்து காட்டினால்தான் பட்டியலில் சேர்ப்போம் என்பது வேறு. அமெரிக்க எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைச் சங்கம் 2016இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, காப்புறுதி நிறுவனங்கள் விதிக்கும் இத்தகைய நிபந்தனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றும் அது பாரபட்சமானது என்றும் கூறியது. உணவுக் கட்டுப்பாட்டால் நிறை குறையாததால்தான் ஒருவர் இங்கு வந்திருக்கிறார். குறைத்துக் காட்டினால்தான் சிகிச்சை என்றால், சிகிச்சை தேவையில்லாதவருக்கே அது கிடைக்கும். காப்புறுதி நிறுவனம் இந்த நிபந்தனையைச் செலவை மிச்சப்படுத்தப் போடுகிறது. இலவச வைத்தியசாலை ஏன் போட வேண்டும்? இடமில்லை என்று சொல்வதைவிட நீங்கள் ஆயத்தமில்லை என்று சொல்வது எல்லோருக்கும் எளிது. பற்றாக்குறையின் பழி அமைச்சின் கணக்கிலிருந்து நோயாளியின் கணக்குக்கு மாறிவிடுகிறது.

பற்றாக்குறை கற்பனையல்ல. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டியெடுக்கும் சிலீவ் முறைக்குத் தைக்கும் கருவியின் தோட்டாக்கள் பல தேவை. அவை இறக்குமதியாகின்றன, ஒருமுறைக்கு மேல் பயன்படா. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்தும் உபகரணமும் இல்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைக்க நேர்ந்த நாட்டில், இவற்றுக்கு டொலர் ஒதுக்கும் அதிகாரியின் தயக்கம் புரியக்கூடியதே. இங்கிருந்துதான் வலுவான மறுவாதம் பிறக்கிறது: புற்றுநோயாளி காத்திருக்கும் கூடத்தில் பருமனானவருக்கு ஏன் நேரம்? இதற்கு இரண்டு விடைகள். முதலாவது, நிறைக்காகச் செய்வதாகத் தோன்றும் இச்சிகிச்சை பெருமளவில் நீரிழிவுக்கும் இருதயத்துக்கும் செய்யப்படுவது. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒப்பீட்டு ஆய்வு, பதினொரு ஆண்டுகள் அளவிலான பின்தொடரலில், சத்திரசிகிச்சை பெற்றோரின் இறப்பு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்திருந்ததை 2007இல் வெளியிட்டது. கொழும்பு மாநகரின் குப்பியாவத்தையில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வோ வயதுவந்தோரில் 27.6 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. சிறுநீரகச் சுத்திகரிப்பும் கால் துண்டிப்பும் அதே கூடத்துக்கும் அதே வரவுசெலவுக்கும்தான் வந்து சேரும். இரண்டாவது விடை முக்கியமானது: பங்கீடு தேவை என்பதை ஏற்றுக்கொண்டாலும், அதை மறைத்துச் செய்ய வேண்டும் என்பது அதிலிருந்து பிறக்கவில்லை.

வெளிப்படையான பங்கீட்டுக்குக் கருவியும் இருக்கிறது. 2009இல் முன்வைக்கப்பட்ட எட்மன்டன் படிநிலை முறை நோயாளியை நிறையால் அல்ல, நிறை உண்டாக்கிய பாதிப்பால் பூச்சியத்திலிருந்து நான்கு வரை வகைப்படுத்துகிறது. 2025 ஜனவரியில் ‘லான்செட்’ ஆணைக்குழு உறுப்புப் பாதிப்புள்ள நோய்நிலைப் பருமனையும் அதற்கு முந்திய நிலையையும் பிரித்ததும் அதே திசையில்தான். 27.5 என்ற தாழ்ந்த எல்லையை ஏற்றால் பட்டியல் வெள்ளமாகிவிடும் என்ற அச்சத்துக்கும் இது பதில். எல்லை, யாருடன் பேசத் தொடங்கலாம் என்பதைச் சொல்லட்டும். யார் முதலில் என்பதைப் பாதிப்பின் படிநிலை சொல்லட்டும். 33 பி.எம்.ஐ.யும் இன்சுலினுக்கு அடங்காத நீரிழிவும் உள்ள கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளி, 41 இருந்தும் வேறு நோயில்லாதவருக்கு முன்னே நிற்பது அப்போது விளக்கக்கூடியதாகிறது.

தனியார் துறையில் நோய் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அதே அரச நிபுணர்களை மாலையில் சனல் செய்து சந்திக்கலாம். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை அண்டிய பங்கு குடும்பங்களின் கையிலிருந்து போவதால் இது எவருக்கும் புதிதல்ல. அங்கே ஒரு வாரத்தில் பரிசோதனைகள் முடிந்துவிடக்கூடும். வேகம் குற்றமல்ல. ஆனால் பணம் கொடுப்பவரிடம் ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று சொல்வதற்கு அந்த அமைப்பில் எவருக்கும் ஊக்கமில்லை. மனநல மதிப்பீடு சடங்காவதற்கு அதுவே காரணம். இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் இரண்டாம் ஆண்டில் மதுப் பிரச்சினை கூடியதை அமெரிக்கப் பல்மைய ஆய்வொன்று 2012இல் காட்டியது. ஒன்ராறியோவில் 2016இல் வெளிவந்த ஆய்வு, சுயதீங்குக்காக அவசர சிகிச்சைக்கு வருவது சத்திரசிகிச்சைக்குப் பின் அதிகரித்ததைக் காட்டியது. முன்கூட்டிக் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கல்யாணப் பேச்சுக்கு முன் மெலிய வேண்டும் என்று வீட்டார் அழைத்துவரும் பெண்ணிடம், 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்பதைத் தனியே இருத்திச் சொல்லவும் வேண்டும். தாயும் அக்காவும் அருகில் இருக்கையில் அந்த உரையாடல் நடக்காது. மதிப்பீடு நோயாளியின் மொழியில் நடப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. மகன் மொழிபெயர்க்கும் மனநல நேர்காணலில் மனம் இருக்காது. 2024 ஏப்ரலில் சென்னைப் பம்மலிலுள்ள தனியார் மருத்துவமனையொன்றில் எடைக்குறைப்புச் சிகிச்சைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் இறந்து, அந்நிறுவனத்தின் பதிவு இடைநிறுத்தப்பட்டது நினைவிருக்கும். தேர்ந்த மையங்களில் முப்பது நாள் இறப்பு ஆயிரத்துக்கு மூன்று என்ற 2009இன் அமெரிக்கக் கணக்கு எல்லாக் கூடங்களுக்கும் தானாகப் பொருந்திவிடாது.

ஊசிமருந்துகள் வந்தபின் இந்த விவாதமே பழையதாகிவிட்டது என்பார் உளர். செமாகுளுற்றைட் 2021இன் பெரும் பரிசோதனையில் நிறையை ஏறத்தாழ 15 வீதம் குறைத்தது உண்மை. நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்பதும் உண்மை. மாதாமாதம் ஆயுள் முழுவதும் வாங்க வேண்டிய மருந்து, ஒருமுறைச் செலவை விட ஏழைக்கு எளிது என்று கொள்ள முடியாது. மேலும் அம்மருந்தையும் யாருக்கு, எந்த வரிசையில் கொடுப்பது என்ற கேள்வி வரும்போது இதே கலப்படம் அங்கும் தலைகாட்டும்.

எழுத்து வடிவ நடைமுறை என்றால் இன்னொரு படிவம், இன்னொரு முத்திரை என்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஒன்ராறியோவின் வழியும் சுருக்கமானதல்ல. குடும்ப மருத்துவரின் பரிந்துரைக்குப் பின் தாதி, உணவியலாளர், சமூகசேவையாளர் என்று பலரைக் கடக்க வேண்டும். ஆனாலும் மாகாணம் நோயாளிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பணம் கட்டிக்கொண்டிருந்த நிலைமைக்கு அது மாற்றாக வந்தது. ஒரே பதிவகம் இருப்பதால் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை நோயாளி கேட்க முடிகிறது. இங்கே வேண்டியது அதைவிடச் சிறியது. ஒரே பக்கத்தில் இரண்டு பகுதிகள்: மேலே மருத்துவத் தகுதி, படிநிலை, மறுத்தால் காரணமும் என்ன மாறினால் மீண்டும் வரலாம் என்பதும், கீழே வரிசையில் இடமும் உத்தேச மாதமும். மேற்பகுதியில் நிபுணர்கள் கையொப்பமிடுவார்கள். கீழ்ப்பகுதியில் வைத்தியசாலைப் பணிப்பாளர், ஏனெனில் கருவியும் கூடமும் அவர் பொறுப்பு. தனியார் வைத்தியசாலைக்கும் மேற்பகுதி அப்படியே பொருந்தும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் அவற்றைப் பதிவுக்கு உட்படுத்தியிருக்கிறது. அந்தப் பதிவின் நிபந்தனைகளுள் இப்பக்கத்தையும், பி12, இரும்புச்சத்து அளவுகளைக் குறைந்தது ஐந்தாண்டுகள் பின்தொடரும் கடப்பாட்டையும் சேர்ப்பதற்குப் புதிய வைத்தியசாலையோ புதிய இறக்குமதியோ தேவைப்படாது.