பழைய காரும் பழைய ஏடும்

பழமையைப் போற்றுதல் வேறு. பழையதைப் புதியதாக்குதல் வேறு. முன்னதைச் செய்ய எண்ணிப் பின்னதைச் செய்து முடிப்போர் பலர். கோயில் திருப்பணி என்ற பெயரால் மணல் வீச்சு இயந்திரம் கொண்டு கற்சுவரைத் துலக்க, அச்சுவரிலிருந்த கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்து மறைந்த செய்தியைத் தமிழ்நாட்டில் நாம் கேட்டிருக்கிறோம். சுவர் பளபளத்தது; ஆனால் சுவர் சொல்லிக்கொண்டிருந்த வரலாறு வாய் மூடிற்று.

இந்த உண்மை கோயிலுக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் பெங்களூரில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் செப்பனிடும் கொட்டகைகளிலும் இதே வினா நாள்தோறும் எழுகின்றது. செல்வர் விளையாட்டுப் பொருளுக்கு விழா மலரில் இடம் எதற்கு என்று அன்பர்கள் எண்ணலாம். அந்த வண்டிகளை ஓட்டியவர் செல்வர். அவற்றை ஓட வைத்தவருள் நம்மவர் பலர். ஆதலால் இது நம் வரலாறும் ஆகும்.

1809ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயர் படை முகாம் அமைந்தது. அதனைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து படைவீரரும், தச்சரும், கொல்லரும், வணிகரும் வந்து அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் குடியேறினர். 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியபோது, உலோகத் தகட்டை அடித்து வளைத்து உருவாக்கும் நுண்தொழில் இந்நகரத்து உழைப்பாளரிடையே பரவிற்று. விமானத்தின் உடலைச் செய்யக் கற்ற கைகளுக்குக் காரின் முன்தகட்டைச் சீராக்குவது அரிதா என்ன?

அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுள் எம்.ஜி. டி.சி. என்பது புகழ் வாய்ந்தது. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் வண்டிகள் செய்யப்பட்டன. இருவர் அமரும் சிறு வண்டி. 1,250 கன சென்டிமீட்டர் எஞ்சின். கம்பி ஆரங்கள் கொண்ட உயர்ந்த சக்கரங்கள். வெளியே காண்பது இரும்புத் தகடாயினும், அதனைத் தாங்கி நிற்பது ஆஷ் என்னும் மரத்தாலான சட்டம். ஆகவே இவ்வண்டியைச் செப்பனிடக் கொல்லரோடு தச்சரும் வேண்டும். மற்றொரு விந்தையும் உண்டு. அதன் எஞ்சினிலுள்ள திருகாணிகளின் மரை மெட்ரிக் அளவினது. தலையோ ஆங்கில விட்வொர்த் அளவினது. ஸ்பானர் பொருந்துகிறதே என்று நம்பி வேறு திருகாணியை முறுக்கினால், மரை பாழாகிவிடும். இதனை அறிந்தவரே அவ்வெஞ்சினைத் தொடத் தக்கவர்.

விடுதலைக்குப் பின் உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கத்துடன் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1950களின் நடுவில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் இந்தியாவில் கார்களைப் பூட்டும் பணியை நிறுத்தின. அயல்நாட்டு வண்டிகளுக்கு உதிரி உறுப்புகள் கிடைப்பது அருகிற்று. அப்போது நம் மெக்கானிக்குகளின் அறிவுத்திறனே துணை நின்றது. ஜே.சி. சாலைக் கடைகளிலும், சிவாஜிநகரில் குஜிரி எனப்படும் பழைய சாமான் கடைத்தெருவிலும் தேடி, அம்பாசிடர், ஃபியட், ஜீப் உறுப்புகளைக் கடைந்து பொருத்தினர். எம்.ஜி. ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் முதல் எஞ்சினும், அம்பாசிடரில் நெடுங்காலம் வந்த 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த உறவு அறிந்தவருக்கு அம்பாசிடர் ஒரு களஞ்சியமாயிற்று.

அன்று வண்டி ஓடினால் போதும் என்பதே குறிக்கோள். இன்று நிலை மாறிவிட்டது. பழைய காருக்கு மதிப்புத் தருவது அதன் மினுக்கன்று, அதன் உண்மை. சேஸிஸ் மீது பொறித்த எண்ணும், எஞ்சின் மீது பதித்த தகட்டின் எண்ணும், தொழிற்சாலைப் பதிவிலுள்ள எண்களும் ஒத்திருத்தல் வேண்டும். துருவை நீக்கும் ஆர்வத்தில் எண் பொறித்த இடத்தை அரத்தால் தேய்த்தவன், பத்திரத்தின் கையெழுத்தை அழித்தவனுக்கு ஒப்பாவான். பழைய வண்ணத்தை முற்றும் சுரண்டி, இக்காலப் பளபளப்பு வண்ணம் பூசினால் காண்போர் வியக்கலாம். ஆனால் அறிந்தோர் விலையைக் குறைப்பர். வண்ணத்தை மீண்டும் பூசலாம். முதல் வண்ணம் மீண்டும் வாராது.

உறுப்புகள் மாறிய வண்டி அதே வண்டிதானா? இவ்வினா ஒருமுறை இங்கிலாந்தின் நீதிமன்றத்தையே எட்டிற்று. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி கார் 1929, 1930 ஆகிய ஈராண்டும் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் விபத்துக்குள்ளாகிப் பின் வேறு உருவம் பெற்றது. பல்லாண்டு கழித்து அதனை ஒரு கோடி பவுனுக்கு வாங்க இசைந்தோர், இது பழைய வண்டியே அன்று எனக் கூறிப் பின்வாங்கினர். 1990இல் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். பந்தயத்தில் ஓடிய உறுப்புகளுட் பெரும்பாலானவை மாறிவிட்டன எனினும், வண்டியின் வரலாறு ஓரிடத்தும் அறுபடவில்லை. ஆதலின் அப்பெயருக்கு அது உரியதே என்றார். அறுபடாத அவ்வரலாற்றை மெய்ப்பித்தவை பதிவேடுகளும் ஆவணங்களுமே.

தமிழர்க்கு இந்நெறி புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏடு சிதைந்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பினாரல்லர். சிதைவைச் சிதைவாகவே காட்டினார். பாட வேறுபாடுகளைக் குறித்து வைத்தார். பழைய காரைத் தொடுவோர்க்கும் இதுவே இலக்கணம். கழற்றுமுன் படம் எடுத்தல். கழற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் சீட்டுக் கட்டுதல். உளுத்த மரத்தை மட்டும் நீக்கி, நல்ல மரத்தை விட்டுவைத்தல். புதிதாகச் சேர்த்தது எது என்று எழுதி வைத்தல். நீக்கிய உறுப்பை எறியாது காத்தல். அம்பாசிடர் உறுப்பைக் கழற்றி மூல உறுப்பைப் பொருத்த நேர்ந்தாலும், கழற்றியதைக் குறிப்போடு பேணுதல் தகும். நம் மெக்கானிக்கின் திறத்துக்கு அதுவே சான்று.

அரசும் இவ்வழியில் நடக்கத் தொடங்கியுள்ளது. 2021ஆம் ஆண்டு சூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு நிகழ்ந்து 50 ஆண்டுகளுக்கு மேலாகி, மூல வடிவில் காக்கப்பட்ட வண்டிகள் பழமை வாய்ந்த வண்டிகளாகப் பதிவு பெறலாம். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது. புதிதாகப் பதிவு பெறுவனவற்றுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும். முன்பே பதிவானவை தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அன்றி அன்றாடப் போக்குவரவுக்கு அவ்வண்டிகளை ஓட்டலாகாது.

ஆக, சட்டமும் சந்தையும் ஒருங்கே கேட்பது சான்று. அச்சான்று எங்கே உள்ளது? அன்பர்களே, அது நம் வீட்டுப் பெட்டியிலும் இருக்கக்கூடும். தந்தையாரின் ஒர்க்‌ஷாப்பு பில் புத்தகம், எண்ணெய்க்கறை படிந்த குறிப்பேடு, முதலாளியின் காரருகே பாட்டனார் நிற்கும் ஒளிப்படம் ஆகியவற்றைக் குப்பையென்று எண்ணற்க. ஒளிப்படத்தில் தெரியும் ஓர் எண் தகடு, ஒரு வண்டியின் முப்பதாண்டு வரலாற்றை மீட்டுத் தரலாம். அவ்வாறு மீளும்போது காரின் விலை மட்டும் உயர்வதில்லை. அதனை உயிரோடு வைத்திருந்தவரின் பெயரும் மீளும். வண்டியை வாங்கியவர் பெயர் பதிவேட்டில் உண்டு. செப்பனிட்டவர் பெயரோ, நாம் எழுதி வைத்தாலன்றி, எங்கும் இராது. இவ்விடுமுறையில் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.