‘அயல்மொழி’ என்னும் சொல்: கலிபோர்னிய இருமொழி முத்திரையின் தோற்றம் பற்றிய மறுவாசிப்பு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலத்தோடு மற்றொரு மொழியிலும் தேர்ச்சி பெற்றுப் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவரின் டிப்ளமாவிலோ மதிப்பெண் பட்டியலிலோ பொறிக்கப்படும் அடையாளம் ‘சீல் ஆஃப் பைலிட்டரசி’ எனப்படுகிறது. இக்கட்டுரை அதனை இருமொழி முத்திரை எனக் குறிக்கிறது. ஜூலியா பிரவுன்லி கொண்டுவந்த 815ஆம் எண் மசோதாவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2011 அக்டோபரில் கையெழுத்திட்டதால், இதற்கு மாநிலச் சட்டமே இயற்றிய முதல் மாநிலமாகக் கலிபோர்னியா ஆனது. 1998இல் 61 விழுக்காட்டு வாக்குகளோடு நிறைவேறி, இருமொழிக் கல்வியைப் பெருமளவு ஒடுக்கிய 227ஆம் முன்மொழிவும், அதற்கு எதிர்வினையாக எழுந்த ‘கலிபோர்னியன்ஸ் டுகெதர்’ கூட்டமைப்பின் இயக்கமும் இச்சட்டத்தின் பின்னணி என்பது பலரும் அறிந்ததே.

இம்முத்திரையைப் பற்றிய ஆய்வுகளில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவற்றுள் ஒன்று, நிக்கோலஸ் சப்டிரெலுவும் அவருடன் மூவரும் 2019இல் ‘தி மாடர்ன் லாங்குவேஜ் ஜர்னல்’ இதழில் வெளியிட்ட கட்டுரையாகும். யாருடைய இருமொழியம் அங்கீகரிக்கப்படுகிறது என்னும் கேள்வியைத் தலைப்பிலேயே எழுப்பிய அக்கட்டுரை, சமத்துவத்தின் பெயரால் பரப்பப்பட்ட இம்முத்திரை, வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்து பள்ளியில் ஆங்கிலம் கற்கும் மாணவரைக் காட்டிலும், ஆங்கிலத்தில் வளர்ந்து வகுப்பறையில் இரண்டாம் மொழி கற்கும் மாணவருக்கே கூடுதலாகக் கைகொடுக்கும் வகையில் அமைந்திருப்பதைக் கவனப்படுத்தியது. இக்கவனப்படுத்தலின் பயன் பெரிது. முத்திரையைக் கொண்டாட்டப் பொருளாக மட்டும் பார்த்துவந்த பேச்சை அது திசைதிருப்பியது. ஆனால் அக்கட்டுரையும் அதனையொட்டிய விவாதங்களும் சேர்ந்து ஒரு வரலாற்றுச் சித்திரத்தை நிலைபெறச் செய்துள்ளன. சிறுபான்மை மொழி மாணவரின் மதிப்பை மீட்கும் கருவியாகக் கலிபோர்னியாவில் பிறந்த முத்திரை, பிற மாநிலங்களுக்குப் பரவப் பரவ அந்நோக்கை இழந்து, உலகச் சந்தைக்குரிய மொழித்திறனைச் சான்றளிக்கும் கருவியாகச் சரிந்தது என்பதே அச்சித்திரம். மாணவருக்கிடையிலான ஏற்றத்தாழ்வு உண்மை என்பதை ஏற்றுக்கொண்டே, அது பரவலின்போது நேர்ந்த சரிவு என்னும் கூற்றை இக்கட்டுரை மறுக்கிறது.

மறுப்புக்கான முதன்மைச் சான்று, கலிபோர்னியக் கல்விச் சட்டத் தொகுப்பில் 51460ஆம் பிரிவு முதலாக இடம்பெறும் அச்சட்டத்தின் வாசகமேயாகும். அதன் முகப்பில் வரும் சட்டமன்றக் கருத்துரைகள் சிறுபான்மை மாணவரைப் பற்றிப் பேசித் தொடங்கவில்லை; மொழிக் கல்வி நாட்டின் பொருளாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் துணைசெய்வதையும், பிற நாடுகளோடு வணிகம் பெருகுவதையும், பல மொழி அறிந்த பணியாளரால் முதலாளிகளுக்குக் கிட்டும் விரிந்த சந்தையையும் அவை அடுக்குகின்றன. முத்திரையின் நோக்கங்களைப் பட்டியலிடும் அடுத்த பிரிவிலோ, ஒரு சமூகத்தில் வழங்கும் பல பண்பாடுகளையும் மொழிகளையும் போற்றுதல் கடைசி நோக்கமாக வருகிறது. பின்னர் நுழைந்ததாகச் சொல்லப்படும் சந்தைக் குரல், பிறப்பு ஆவணத்தில் முதற்குரலாகவே ஒலிக்கிறது.

இவ்வாசகத்தில் நின்று நோக்கத்தக்க சொல் ஒன்று உண்டு. அச்சட்டம், ‘அயல்மொழி’ என்பது ஆங்கிலம் அல்லாத மொழி எனவும், அது அமெரிக்கச் சைகை மொழியையும் உள்ளடக்கும் எனவும் வரையறுத்தது. அமெரிக்கச் சைகை மொழியோ, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1817இல் தொடங்கப்பட்ட காது கேளாதோர் பள்ளியைச் சுற்றி உருப்பெற்ற, அமெரிக்க மண்ணிலேயே பிறந்த மொழியாகும். ஸ்பானிய மொழியின் நிலை இன்னும் கூர்மையானது: 1849இல் மான்டரேயில் இயற்றப்பட்ட கலிபோர்னியாவின் முதல் அரசமைப்பு, எல்லாச் சட்டங்களும் ஸ்பானிய மொழியிலும் வெளியிடப்பட வேண்டும் எனப் பணித்தது, 1879ஆம் ஆண்டு அரசமைப்பில்தான் அவ்விதி கைவிடப்பட்டது. அவ்வகையில் மாநிலத்தின் முதற்சட்ட மொழிகளுள் ஒன்றும், நாட்டிலேயே பிறந்த மொழி ஒன்றும், இவ்வரையறைப்படி ‘அயல்’ ஆகிவிடுகின்றன.

இச்சொல்லாட்சிக்கு எளிய விளக்கம் ஒன்று சொல்ல இயலும். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குரிய பாடங்களை விதிக்கும் 51225.3ஆம் பிரிவு முன்னரே ‘அயல்மொழி’ என்னும் தொடரை ஆண்டதோடு, சைகை மொழிப் பாடத்தை அயல்மொழிப் பாடமாகக் கொள்ளவும் இடம்தந்திருந்தது. புதிய சட்டத்தை வரைந்தோர் பழைய தொடரை அப்படியே எடுத்தாண்டிருக்கலாம். இவ்விளக்கம் தள்ளத்தக்கதன்று. எனினும் அது முழுமையானதும் அன்று. ஏனெனில் மாநிலக் கல்வி வாரியம் 2009இலேயே தன் பாடத்தர நிர்ணயத்துக்கு ‘உலக மொழிகள்’ என்னும் பெயரைச் சூட்டிவிட்டதால், 2011இல் மாற்றுச்சொல் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. மேலும், சட்டத்தினுள்ளேயே சொல் ஒருசீராக ஆளப்படவில்லை. வகுப்பு, தேர்வு, பொருளாதாரம் ஆகியவற்றைப் பேசுமிடங்களில் ‘அயல்மொழி’ வருகிறது. மாணவரின் தேர்ச்சியைச் சான்றளிக்கும் இடத்தில் ‘ஆங்கிலத்தோடு கூடிய பிற மொழிகள்’ என்னும் பொருளிலும், போற்றுதலைப் பேசும் கடைசி நோக்கத்தில் ‘சமூகத்தின் மொழிகள்’ என்னும் பொருளிலும் வாசகம் அமைகிறது. ஒரே ஆவணத்தில் இரு தரப்பாரின் கை படிந்திருப்பதையே இம்மாற்றம் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. இது வாசகத்திலிருந்து பெறும் ஊகமே. ஆயினும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அச்சொற்களின் இடங்கள் ஒழுங்காக வகுபட்டுள்ளன.

தகுதி விதிகளும் இதற்கு அரண் செய்கின்றன. பிற மொழித் திறனை ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரத் தேர்வில் குறைந்தது 3 புள்ளி பெற்றோ, நான்காண்டுப் பாடத்தை நல்ல தரத்தில் முடித்தோ நிறுவலாம் என்றும், ஆங்கிலப் பாடத் தேவைகளை அனைவரும் நிறைவு செய்ய வேண்டும் என்றும் விதித்த 2011ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுமொழி ஆங்கிலம் அல்லாத மாணவர் அவற்றுக்கு மேலாக ஆங்கில வளர்ச்சித் தேர்வு ஒன்றிலும் குறித்த நிலையை எட்டவேண்டும் எனக் கூடுதல் சுமை ஏற்றியது. ஆங்கிலத் திறனை நிறுவும் வழிகளை விரிவாக்கும் திருத்தச் சட்டம் 2023இல்தான் வந்தது. சமத்துவத்தின் பிறப்பிடம் எனக் கருதப்படும் சட்டத்திலேயே, யாரை உயர்த்த முத்திரை தோன்றியதோ அவர் முன்னே உயர்ந்த வாயிற்படி கட்டப்பட்டிருந்தது.

பரவலும் ஒரே திசையில் நிகழவில்லை. 2012இல் சட்டம் இயற்றிய நியூயார்க், மாணவர் வெளிநாட்டுப் பள்ளியில் தம் தாய்மொழிவழி குறைந்தது மூன்றாண்டு கற்றதற்கான மதிப்பெண் சான்றையும், நடுவர் முன் அளிக்கும் நிறைவுத் திட்டப்பணியையும் தகுதிப் புள்ளிகளாக ஏற்கும் முறையை வகுத்தது. புதிதாகக் குடிபெயர்ந்து வந்த மாணவருக்கு இது கலிபோர்னிய விதியைவிட அகலமான கதவு. நியூ மெக்சிகோவில் பழங்குடி மொழித் தேர்ச்சியைச் சான்றளிக்கும் உரிமை அந்தந்தப் பழங்குடி அரசிடமே விடப்பட்டது. ஹவாய் கல்வி வாரியத்தின் கொள்கையோ, ஆங்கிலம், ஹவாய் மொழி ஆகிய இரு ஆட்சிமொழிகளுள் ஏதேனும் ஒன்றோடு இன்னொரு மொழியில் தேர்ந்தாலும் போதும் என்றதால், ஆங்கிலமே அச்சாணி என்னும் கலிபோர்னிய அமைப்பையே தளர்த்தியது. சரிவுச் சித்திரத்தில் இம்மூன்றுக்கும் இடமில்லை.

இவ்வரலாற்றின் தொடக்கத்தை எந்த ஆண்டில் வைப்பது என்பது இன்னும் விவாதத்துக்குரியதே. மாநிலச் சட்டத்துக்கு முன்னரே கிளெண்டேல் உள்ளிட்ட பள்ளி மாவட்டங்கள் தாமாகவே முத்திரை வழங்கிவந்தன. அவற்றைத் தொடக்கமாகக் கொள்வோர்க்குச் சட்டவாசகத்தை வைத்து வாதிடும் இக்கட்டுரையின் முறை குறையுடையதாகத் தோன்றலாம். மாவட்ட வழக்கத்தில் போற்றுதல் நோக்கு மேலோங்கியிருந்தது எனப் பின்னர் நிறுவப்படுமானால், சரிவு உண்மையென்றே ஆகும். ஆனால் அச்சரிவு மாநிலங்களுக்கு இடையே நேராமல், மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்ற பயணத்தில் நேர்ந்ததாகவே கொள்ளவேண்டியிருக்கும்.

ஏ.பி. தேர்வு இல்லாத மொழிகளின் நிலையில் இச்சிக்கல் இன்றும் கண்கூடு. தமிழ் அவற்றுள் ஒன்று. கலிபோர்னியாவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பல ஆண்டு பயின்று வரும் மாணவர், பொதுத் தேர்வு இல்லாத மொழிகளுக்கு நான்காண்டுப் பாடத்துக்கு இணையான கடுமையுடைய தேர்வைப் பள்ளி மாவட்டமே ஏற்பாடு செய்யலாம் என்னும் உட்பிரிவையே பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டியுள்ளது. திட்டத்தில் சேர்வது மாவட்டங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால், ஒரே தரத்தில் தமிழ் அறிந்த இருவருள் ஒருவர் முத்திரை பெறுவதும் மற்றவர் பெறாமல் போவதும் அவரவர் வீட்டு முகவரியைப் பொறுத்து நேரக்கூடும்.