திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி

காது கேளாத பிள்ளைகளுக்கு வீடியோ மூலம் பாடம் சொல்லிக்கொடுப்பது பற்றிச் சில நாட்களாகக் குறிப்பெடுத்து வருகிறேன். ஸ்மார்ட் போர்டு, யூடியூப், கைபேசி என்று இப்போதைய சமாச்சாரமாகத்தான் இது தெரியும். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் கதை நூறு வருஷத்துக்கும் முன்னால் போகிறது. அதில் ஒரு நுனி நம்ம கொங்கு நாட்டிலேயே கிடக்கிறது.

1905ல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். அவர் 1914 வாக்கில் கோயம்புத்தூரில் கட்டிய வெரைட்டி ஹால் இன்றும் பேசப்படுகிறது. காட்டியதெல்லாம் பேசாத படங்கள். நடிகர்கள் உடம்பாலும் முகத்தாலும் பேசினார்கள், நடுநடுவே எழுத்து அட்டை வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காக அதை உரக்கப் படித்து விளக்க ஓர் ஆளும் கொட்டகையில் நிற்பார்.

அந்தக் கொட்டகையில் காது கேளாத ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எழுத்து தெரிந்திருந்தால் வித்தியாசமே இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழ் சினிமா பேசத் தொடங்கிய நாள் என்று கொண்டாடுகிறோம். எழுத்து அட்டை அதோடு போயிற்று. காது கேளாதவர்களுக்குப் படம் ஊமையானது அன்றைக்குத்தான்.

ஒரு தொழில்நுட்பம் முன்னேறும்போது யாரோ ஒருத்தர் காலடியிலிருந்து ஏணி உருவப்படுகிறது, மற்றவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. இந்த வரலாற்றில் இது திரும்பத் திரும்ப வரும்.

பள்ளிக்கூடம் கையைக் கட்டிப்போட்ட கதை

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூடியது. சைகையை விட்டுவிட்டு உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வாயால் பேசவும்தான் பழக்க வேண்டும் என்பது தீர்மானம். ஆதரவு 160 ஓட்டு, எதிர்ப்பு 4. வந்திருந்த பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அடுத்த நூறு வருஷம் உலகத்தின் பெரும்பாலான காது கேளாதோர் பள்ளிகளில் சைகை காட்டுவதே குற்றமாக இருந்தது. மாணவர்களின் கையைக் கட்டி வைத்த பள்ளிகளும் உண்டு. 2010ல் வான்கூவரில் கூடிய இதே தொடர் மாநாடுதான் அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

இந்தியாவில் மும்பையில் 1880களிலும், கொல்கத்தாவில் 1893லும் காது கேளாதோர் பள்ளிகள் வந்தன. நம்ம பக்கம் 1890களில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. வகுப்பறையில் வாய்ப்பேச்சு முறையே முறை என்ற காற்று இந்தியப் பள்ளிகளிலும் நீண்ட காலம் வீசியது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் ‘படம்’ என்று சொல்லுங்க, அப்புறம் ‘மடம்’ என்று சொல்லுங்க. இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ‘பாடு’, ‘மாடு’ கதையும் அதுதான். ‘க’ தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, உதட்டில் ஒன்றும் தெரியாது. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அந்தப் பாதியும் போச்சு.

கேமரா கைமாறியபோது

அமெரிக்காவில் காது கேளாதோர் தேசியச் சங்கம் 1910ல் ஒரு வேலையைத் தொடங்கியது. சைகை மொழி அழிந்துவிடும் என்று பயந்து, நிதி திரட்டி, நன்றாகச் சைகை பேசுகிறவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். சங்கத்தின் முன்னாள் தலைவர் ஜார்ஜ் வெடிட்ஸ் 1913ல் சைகை மொழியைக் காப்பாற்றச் சொல்லிச் சைகையிலேயே ஆற்றிய உரை அவற்றில் ஒன்று. சைகை மொழிக்கு எழுத்து கிடையாது. பேச்சை எழுதி வைக்கலாம், சைகையை எப்படி எழுதி வைப்பது? அந்த மொழிக்குப் படச்சுருள்தான் முதல் ஏடு.

பேசும்படம் வந்தபின் அடுத்த முயற்சி எமர்சன் ரொமேரோவுடையது. கியூபாவில் பிறந்தவர், காது கேளாதவர், பேசாத படங்களில் நடித்தவர். 1947ல் படச்சுருளை அங்கங்கே வெட்டி, நடுவில் எழுத்துச் சட்டங்களை ஒட்டிக் காது கேளாதோர் சங்கங்களுக்கு வாடகைக்கு விட்டார். படம் நின்று நின்றுதான் ஓடும். ஆனாலும் ஜனம் பார்த்தது. 1958ல் காது கேளாதோருக்காக வரி எழுதிய படங்களுக்கு அமெரிக்க அரசே சட்டம் கொண்டுவந்தது. முதலில் பொழுதுபோக்குப் படங்கள்தான். 1962ல் சட்டத்தைத் திருத்திப் பாடப் படங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்தார்கள். வகுப்பறைக்குள் காது கேளாத பிள்ளைக்காகத் திரை முறையாக வந்தது அப்போதுதான். தொலைக்காட்சியில் 1972ல் ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு வரி போட்டார்கள். வேண்டுகிறவர் மட்டும் வரவழைத்துப் பார்க்கும் வரி 1980ல் வந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. படக்கருவியோ தொலைக்காட்சியோ காது கேளாதோருக்கென்று செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு முறையும் ஒருத்தர் உட்கார்ந்து திரையின் கீழே ஒரு வரியையோ ஓரத்தில் ஒரு ஆளையோ சேர்த்த பிறகுதான் அது அவர்களுக்குப் பயன்பட்டது.

நம்ம ஊர்த் திரைகள்

டெல்லிப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடம் 1961லேயே வந்துவிட்டது. 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ‘சைட்’ சோதனை ஒளிபரப்பு நடந்தது. 1984ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைக்காட்சி வகுப்பு, 2004ல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள். பெரிய பெரிய காரியங்கள். ஆனால் ‘ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள்’ என்பதே இவற்றின் பொதுவான அமைப்பு.

1987ல் தூர்தர்ஷன் காது கேளாதோருக்கென வாரச் செய்தி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்த தலைமுறைக்கு அது நினைவிருக்கும். கேட்கிற நாம் அதை வேடிக்கை பார்த்தோம், சில வீடுகளில் சிரிக்கவும் செய்தார்கள். சைகை என்பது ஒரு மொழி என்று பலர் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

பிறகு வேகம் பிடித்தது. 2015ல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் டெல்லியில் வந்தது. 2018ல் அது 3,000 சொற்களோடு வீடியோ அகராதி வெளியிட்டது. அடுத்த வருஷம் 6,000, 2021ல் 10,000. நடுவில் 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை தெரிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்றும், மின்னணு ஊடகங்களில் சைகை விளக்கமும் வரிகளும் இருக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்தது. 2020 அக்டோபரில் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களைச் சைகை வீடியோவாக மாற்ற ஒப்பந்தமானது. 2024 டிசம்பர் 6ல் பி.எம். இ-வித்யா வரிசையில் 31ஆம் சேனல், முழுக்க இந்தியச் சைகை மொழிக்கென்றே தொடங்கியது.

தமிழ்நாட்டிலும் திரைக்குப் பஞ்சமில்லை. 2018லிருந்து வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடு, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள். அந்தத் திரையில் காது கேளாத பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்பதுதான் கேள்வி.

தறிக்குடோன் அறிந்த மொழி

இனி திருப்பூருக்கு வருவோம். பல்லடம், சோமனூர், மங்கலம், அவினாசி பக்கம் விசைத்தறிக்குடோனுக்குள் போனவர்களுக்குத் தெரியும், காதோடு காதாகக் கத்தினாலும் கேட்காது. இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் அனுமதிக்கின்றன. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. தறி ஓட்டுகிறவர்கள் பாதிப் பேச்சைக் கையாலேயே முடித்துவிடுவார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் மில் பெண்கள், வாயை அகலமாக அசைத்துக் கையையும் சேர்த்துப் பேசிய ஒரு வழக்கத்துக்கு ‘மீ-மாயிங்’ என்று பெயரே இருந்தது. நல்லாக் காது கேட்கிறவர்கள் சைகைக்கு மாறியதில் யாரும் குறை காணவில்லை, அது வேலைக்குத் தேவை. அதையே ஒரு பிள்ளை வகுப்பில் செய்தால் மட்டும் குறையாகத் தெரிகிறது.

திருப்பூர் பக்கம் கோதபாளையத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சிறப்புப் பள்ளிக்குப் போவதில்லை. பலர் பக்கத்து அரசுப் பள்ளியில் மற்றவர்களோடு படிக்கிறார்கள், சிறப்புப் பயிற்றுநர் குறிப்பிட்ட நாட்களில் வந்து போவார். அவர் வராத நாளில் அந்தப் பிள்ளைக்குத் துணை என்ன? சுவரில் இருக்கும் திரை துணையாக முடியும். அதற்கு மூன்று விஷயங்களைக் கவனித்தாக வேண்டும்.

முதலாவது, கண். கேட்கிற பிள்ளை இதயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டே ‘இது இடது வெண்ட்ரிக்கிள்’ என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளும். காது கேளாத பிள்ளைக்கு இரண்டு வேலையும் கண்ணுக்குத்தான். படத்தைப் பார்த்தால் சைகை போகும், சைகையைப் பார்த்தால் படம் போகும். ஆகவே கேட்கிறவர்களுக்காக எடுத்த வீடியோவின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுப் பெட்டியை ஒட்டிவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. பெட்டி, விரல் அசைவு தெரியுமளவு பெரிதாக வேண்டும், சட்டை நிறம் கையிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்த வேண்டும், படத்தைப் பார்க்க நேரம் கொடுக்க. பழைய படச்சுருளை நிறுத்தி நிறுத்தி எழுத்து ஒட்டினாரே ரொமேரோ, அவர் அறியாமலே ஒரு நல்ல பாடம் விட்டுப் போயிருக்கிறார்.

இரண்டாவது, தமிழ். இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தது’ வித்தியாசத்தை நாம் பள்ளிக்குப் போகும் முன்பே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலானோர் கேட்கிற பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் சைகை மொழியும் இல்லை, தமிழும் காதில் விழவில்லை. அந்த விகுதிகளை அவர்கள் முதலில் சந்திப்பது புத்தகத்தில்தான். பொதுத்தேர்வில் இவர்களுக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு உண்டு. சலுகை நல்லதுதான், ஆனால் தேர்வு குறைந்ததே தவிர மொழி கூடவில்லை. பாட வீடியோவில் சைகையோடு தமிழ் வரியும் தினம் தினம் ஓடினால், மற்ற பிள்ளைகள் காதில் வாங்கியதை இவர்கள் கண்ணில் வாங்கலாம். கணினி தானாக எழுதும் வரியை அப்படியே விடவும் முடியாது. வாத்தியார் ‘எடுத்துக்கிட்டீங்கன்னா’ என்பார், புத்தகத்தில் ‘எடுத்துக்கொண்டால்’ என்று இருக்கும். ஒரு ஆள் உட்கார்ந்து திருத்தித்தான் ஆக வேண்டும்.

அந்த வரி மற்றவர்களுக்கும் உதவும். காப்பீட்டில் காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளை, வாசிக்கத் தடுமாறும் பிள்ளை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை என்று எல்லோருக்கும். 1996ல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பிரிஜ் கோத்தாரி, திரைப்பாட்டுக்கு அதே மொழியில் வரி போட்டால் ஜனங்கள் வாசிக்கப் பழகுவார்கள் என்று தொடங்கிய முயற்சியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

மூன்றாவது, யார் செய்வது. சைகை மொழி தெரிந்த காது கேளாதவர்களையே கேமராவுக்கு முன்னால் நிறுத்த வேண்டும், 1913ல் செய்தது போல. அந்தத் திறமை இந்த ஊரில் இல்லாமல் இல்லை. பனியன் கம்பெனிகளில் செக்கிங்கிலும் டெய்லரிலும் காது கேளாதவர்கள் வேலை செய்கிறார்கள். ஷிப்ட் முடிந்தால் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்து வீடியோ காலில் ஊரோடு பேசுகிறார்கள். எங்கே வைத்தால் கை தெரியும், எந்த வெளிச்சத்தில் முகம் தெரியும் என்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். திரை எல்லாப் பள்ளிக்கும் வந்துகொண்டிருக்கிறது, பணமும் செலவாகிவிட்டது. ஓரத்துப் பெட்டிக்கும் கீழே ஓடும் வரிக்கும் ஆகும் செலவு அதில் சிறு பங்கு. அதைச் செய்யாமல் விட்டால், பேசும்படம் வந்தபோது நடந்தது இன்னொரு தடவை நடக்கும். அன்றைக்குப் போனது ஒரு சினிமா. இப்போது போவது பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம், அதற்குப் பின்னால் வரவேண்டிய ஒரு வேலை.