பூவிருந்தவல்லியும் ரோஜாவும்

சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்ப்பெயர்களில் மணக்கும் பெயர் ஒன்று உண்டு. பூந்தமல்லி என்று இன்று நாம் சுருக்கி அழைக்கும் ஊர், பழைய வழக்கில் பூவிருந்தவல்லி. வைணவ மரபு இவ்வூரைத் திருக்கச்சி நம்பிகளின் ஊராகப் போற்றுகிறது. இங்கே நந்தவனம் அமைத்து, பூப்பறித்து, காஞ்சி வரதராசருக்குக் கொண்டுசென்று சாத்தியவர் அவர். பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். அந்தணர் அல்லாத குலத்தில் பிறந்த அவரை இராமாநுசர் தம் ஆசிரியருள் ஒருவராகக் கொண்டார் என்பது நாம் அனைவரும் அறிந்த வரலாறு. சாதியின் கதவுகள் இறுக மூடியிருந்த காலத்தில் ஒரு பூந்தோட்டத்தின் வழியாகத் திறந்த கதவு அது.

அந்த நந்தவனத்தில் என்னென்ன பூக்கள் மலர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது இலக்கியம் பயின்றோருக்கு இனிய பொழுதுபோக்கு. துளசி இருந்திருக்கும், முல்லையும் அலரியும் செண்பகமும் இருந்திருக்கலாம். ரோஜா இருந்திருக்குமா? சங்க இலக்கியத்தில் பூக்களின் பெரும்பட்டியல் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் உள்ளது. தொண்ணூற்றொன்பது மலர்களைக் குவிக்கும் அப்பட்டியலில் இன்று நாம் ரோஜா என்னும் மலருக்கு இடமில்லை. இத்தனைக்கும் நீலகிரியிலும் பழனி மலையிலும் வெண்ணிறக் காட்டு ரோஜா ஒன்று இயல்பாகவே வளர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் தங்கித் தாவரங்களைத் தேடித் திரிந்த பிரெஞ்சு அறிஞர் லெஷனோ என்பவரின் பெயரைத் தாவரவியலார் அச்செடிக்கு இட்டுள்ளனர். நம் மலையில் பூத்த பூவுக்கு நம் மொழியில் புகழ் வாய்க்காமல் போயிற்று.

ரோஜாவின் வருகையை அதன் பெயர்களே ஒருவாறு சொல்லிவிடுகின்றன. 'ரோசா' என்னும் வடிவம் போர்ச்சுகீசியச் சொல்லோடு அப்படியே ஒத்தது. வடக்கே வழங்கும் 'குலாப்' பாரசீகம். குல் என்றால் பூ, ஆப் என்றால் நீர். பூவுக்கு முன்பே பூவின் நீர் புகழ்பெற்றுவிட்டதால், நீரின் பெயரே பூவுக்கும் ஆகிவந்தது. மலையாளத்தில் ரோஜாவைப் பனிநீர்ப்பூ என்பர். நம் வீட்டுத் திருமணங்களில் வெள்ளிச் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீரும், மாலையில் கோக்கும் பன்னீர் ரோஜாவும் இதே வழியில் வந்தவை. (திருச்செந்தூரில் திருநீறு பொதிந்து தரும் பன்னீர் இலை வேறொரு மரத்தின் இலை; அதனை ரோஜாவோடு குழப்பிக்கொள்ள வேண்டா.)

இனி, பன்னீர் ரோஜாவின் கதைக்கு வருவோம். ஐரோப்பியரின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே பூத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து கப்பலேறிய ரோஜாக்களோ ஆண்டு முழுவதும் பூத்தன. இவ்விரு மரபுகளும் கலந்த இடங்களுள் ஒன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. அன்று அதன் பெயர் பூர்போன். அங்கே வேலியில் அடுத்தடுத்து நட்டிருந்த சீனத்து ரோஜாவும் இலையுதிர்காலத்தில் மறுமுறை பூக்கும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து ஒரு புதுச்செடி தோன்றியது. அதன் விதைகள் 1819ஆம் ஆண்டையொட்டிப் பாரிசுக்குச் சென்று, 'பூர்போன் ரோஜா' என்னும் குடும்பமே உருவாயிற்று. அத்தீவில் இச்செடிக்கு எதுவார் ரோஜா என்று பெயர். தமிழ்நாட்டுத் தோட்டக்காரர் நாவில் அது எட்வர்ட் ரோஜா ஆயிற்று.

அதே நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அதே ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். அவர்தம் வழிவந்தோர் இன்றும் அங்கே தீமிதித்து மாரியம்மனை வழிபடுகின்றனர். ஒரே கடல், மக்களை அங்கே கொண்டுசென்றது. மலரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. கோயில் வாசலில் நாம் வாங்கும் ரோஜா மாலைக்குப் பின்னால் இத்தனை பயணம் இருக்கிறது.

1867இல் பிரான்சில் 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜா வெளிவந்ததை ஒரு புதுயுகத்தின் தொடக்கமாகக் கொள்வர். நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக நிமிர்ந்து நிற்கும் 'ஹைப்ரிட் டீ' வகை அதனோடு தொடங்குகிறது. 1900இல் பாரசீக மஞ்சள் ரோஜாவின் நிறம் இவ்வகையில் கலக்கப்பட்டது. நிறத்தோடு ஒரு நலிவும் வந்தது. இலையில் கரும்புள்ளி விழுந்து உதிரும் நோய்க்கு அந்த மரபு எளிதில் ஆட்படக்கூடியது. இவற்றை உருவாக்கியவர்கள் மனத்தில் இருந்தது குளிர்நாட்டுத் தோட்டம். பனிக்காலத்தைத் தாங்குமா என்று பார்த்தார்கள். பங்குனி வெயிலைத் தாங்குமா என்று பார்க்க அவர்களுக்குக் காரணமில்லை.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்பேட்டையும் படைத்துறைத் தொழிற்சாலையும் வந்தபின், 1960கள் முதல் குடியிருப்புகள் பெருகின. ஒரு கிரவுண்டு நிலத்தில் சிறு வீடு கட்டி, முன்புறம் நாலு செடி வைப்பது அக்குடும்பங்களின் கனவாக இருந்தது. அந்த நாலில் ஒன்று ரோஜாவாக இருக்கும். வாங்கும்போது மொட்டும் மலருமாகச் சிரித்த செடி, சில மாதங்களில் குச்சியாக நிற்கும். கைராசி இல்லை என்று வீட்டுப் பெண்கள் தம்மையே நொந்துகொள்வார்கள். குற்றம் கையில் இல்லை; அச்செடியின் பிறப்பிலேயே நம் வெயிலுக்கு இடம் தரப்படவில்லை.

இக்குறையைப் புரிந்துகொள்ளும் அறிவியலில் உலகப்புகழ் பெற்ற ஒருவர், இதே வட்டாரத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. மதுரவாயலை மேம்பாலத்தாலும் புறவழிச்சாலையாலும் மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. 1970இல் சென்னைக்கு வந்த ஈ. கே. ஜானகி அம்மாள், 1984 பிப்ரவரியில் மறையும்வரை அங்கே தங்கி ஆய்வு செய்தார். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றவர். கோவைக் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டனோடு இணைந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் என்னும் பெருநூலை 1945இல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆய்ந்த மக்னோலியா மரவகை ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் நாடு திரும்பினார். சட்டைப் பொத்தானில் ரோஜா சூடிய அந்தப் பிரதமர், 1955 ஜனவரியில் காங்கிரசு மாநாட்டுக்காக வந்த ஊர் நம் ஆவடி என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

குரோமோசோம் எண்ணிக்கைக்கும் நம் வீட்டு ரோஜாவுக்கும் என்ன தொடர்பு? ரோஜாப் பேரினத்தின் அடிப்படை எண் ஏழு. வெப்பத்தைத் தாங்கும் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்கள் சிலவற்றுக்குக் குரோமோசோம்கள் பதினான்கு. கடையில் வாங்கும் பெரும்பூ ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இருபத்தெட்டு. இரண்டையும் கலந்தால் பிறப்பது இருபத்தொன்று. இரட்டையாகப் பிரிய இயலாத எண். அச்செடி பூத்தாலும் பெரும்பாலும் வளமான விதை தராது. காட்டுச்செடியின் வலிமையை வீட்டுச்செடிக்குள் கொண்டுவருவது ஏன் ஒரு தலைமுறையில் முடிவதில்லை என்பதற்கு இதுவே விடை. பல தலைமுறைச் செடிகளை வளர்த்து, காத்து, கழித்து, மீண்டும் கலக்கவேண்டும்.

இந்தியாவில் அப்பணியை மேற்கொண்டோருள் முதன்மையானவர் பி. பி. பால். கோதுமை ஆய்வாளராகிய அவர், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர். பல ரோஜா வகைகளை உருவாக்கியதோடு, இந்தியாவில் ரோஜா பற்றி 1966இல் விரிவான நூல் ஒன்றையும் எழுதினார். தமிழகத்தில், ஆட்சிப்பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவனும் அவர் துணைவியார் கிரிஜாவும் பல்லாண்டுகளாக இதனையே வாழ்வாகக் கொண்டனர். மணிப்பூர்ப் பக்கத்து மலைகளின் பேருருவ ரோஜாவையும், நீர் தேங்கும் வெப்பநிலத்திலும் வளரும் மற்றொரு காட்டு ரோஜாவையும் அவர்கள் தம் கலப்புகளில் பயன்படுத்தினர். அவர்கள் உருவாக்கிய மஞ்சள் நிற ரோஜா ஒன்றுக்கு 2018இல் சூட்டப்பட்ட பெயர்: ஈ. கே. ஜானகி அம்மாள். மதுரவாயலில் மறைந்தவர், முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒரு ரோஜாவாகப் பெயர் பெற்றார்.

இவ்வரலாறு வீட்டில் செடி வளர்ப்போருக்கு என்ன சொல்கிறது? முதலாவது, தேர்வு. முதன்முதல் வளர்ப்போர் பன்னீர் ரோஜாவில் தொடங்குவது நலம். நம் மண்ணோடு பழகிய செடி அது. இரண்டாவது, ஒட்டு. வாங்கும் செடிகள் பல, வலிய அடிச்செடியின்மேல் ஒட்டுக்கட்டியவை. ஒட்டுக்குக் கீழே கிளைத்து மேலெழும் தளிரைச் செழிப்பென்று விட்டுவைத்தால், நாளடைவில் அடிச்செடி மேற்செடியைத் தின்றுவிடும். மூன்றாவது, நீர். ரோஜா உப்பைப் பொறுக்காது. ஆழ்குழாய் நீர் உவர்ப்பான தெருக்களில் இலை விளிம்பு கருகுவதைக் காணலாம். தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பின் பயனை, தொட்டியில் பிடித்துவைத்த மழைநீர் ஊற்றிய ரோஜாவிடம் கண்கூடாகப் பார்க்கலாம்.

காலை வெயில் ஐந்தாறு மணிநேரம் வேண்டும். சித்திரை, வைகாசியில் பிற்பகலுக்கு நிழல் வேண்டும். செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த, நீர் வடியும் மண் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை நெடுநேரம் நனைந்திருந்தால் கரும்புள்ளி பரவும். உதிர்ந்த இலைகளைப் பெருக்கி அகற்றுவதே முதல் மருந்து. மழை ஓய்ந்தபின் கவாத்து செய்தால், மார்கழி, தையில் செடி புதிதாய்ப் பூக்கும். கோடையில் இலையின் அடியில் சிலந்திப்பேன் குடியேறும். அடிப்புறம் படும்படி நீரைப் பீய்ச்சினால் அடங்கும்.

அம்பத்தூரும் மதுரவாயலும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. கிரவுண்டு வீடுகள் அடுக்ககங்களாக மாறி, தோட்டம் மாடித் தொட்டிக்கும் பால்கனிக்கும் சுருங்கிவிட்டது. ரோஜா இதற்கும் ஈடுகொடுக்கும். தொட்டியில் வளரும் இயல்பு அதற்கு உண்டு. காடுகள் அவ்வாறு சுருங்கித் தொட்டிக்குள் அடங்கமாட்டா. ஜானகி அம்மாள் தம் எண்பதாம் அகவைக்குப் பின்னும் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல்கொடுத்தார். அவர் மறைந்த அதே 1984இன் நவம்பரில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நாளைய ரோஜாவுக்கு வேண்டிய வலிமை, பெயரறியாக் காட்டுச்செடி ஒன்றில் ஒளிந்திருக்கலாம் என்பதை அறிந்தவர் அவர். பூவிருந்தவல்லியின் பெயரைச் சொல்லும் நாம், பக்கத்து ஊரான மதுரவாயலின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழகுவோம்.